பதினெட்டாம் நாள் போணி

ஃப்ளோராவின் கை ராசியான கை என்று கண்டுபிடித்தவள் கீரைக்காரி தேவானை. ஒரு நாள் காலை, காட்டுக் கோயில் என்கிற மாதா கோயிலில் முதல் பூசை முடிந்து, தலை முக்காட்டைக்கூட எடுக்காமல் வந்து ஒரு கட்டு முளைக்கீரை வாங்கிப் போனாள் ஃப்ளோரா. அன்று எட்டு மணிக்கெல்லாம் தேவானையின் கூடை காலி. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஃப்ளோராவுக்குக் காய்ச்சல். கீரை சாயங்காலம் வரை கிடந்து வாடியது. போதாதா? ஒரே மாதத்தில் அந்த மயிலாப்பூர் மார்க்கெட் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஃப்ளோரா வந்து போணி செய்யாமல், அதாவது அன்றைய முதல் வியாபாரத்தைத் தொடங்கிவைக்காமல், கிழக்கு வரிசையில் ஒருவரும் தராசைத் தொடுவதில்லை என்றாயிற்று.

"கோயில்லேர்ந்து நேரா வர்ற கை பாப்பா அது. வழியில எதையும் தொடாம வருது," என்பாள் தேவானை.

"உங்க சாமி வேற, எங்க சாமி வேறயாச்சே?" என்று மெதுவாகக் கேட்பாள் ஃப்ளோரா.

"சாமி வேறதான். கீரை ஒண்ணுதானே?"

வரிசையே சிரிக்கும். ஃப்ளோரா தலையைக் குனிந்துகொண்டு, சிரிப்பை முக்காட்டுக்குள் மறைத்துக்கொள்வாள். அவளுக்கு இருபத்தாறு வயது. அப்பா ராஜநாயகம் பங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். இரண்டு வரன்கள் வந்து, பார்த்து, காப்பி குடித்துவிட்டு, பதில் எழுதாமலே போய்விட்டன. வீட்டில் அவள் வருகைக்காக யாரும் எதையும் நிறுத்திவைத்தது கிடையாது. மார்க்கெட்டில் மட்டும் நாற்பது தராசுகள் அவளுக்காகக் காத்திருந்தன. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட.

நாற்பத்திரண்டாம் வருஷம் அக்டோபர் மாதம். ஜப்பான்காரன் வருவான் என்று ஊரைக் காலி செய்து ஓடியவர்கள் பாதிப் பேர் திரும்பிவிட்டிருந்தார்கள். தெருவிளக்குகளுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. குண்டு வானத்திலிருந்து வரும் என்றுதான் ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அது ஒரு துணிப்பையில் வந்தது.

அக்டோபர் ஜெபமாலை மாதம். பூசைக்குப் பிறகு ஜெபமாலை சொல்வார்கள். அன்று முன்னின்று சொல்லும் முறை ஃப்ளோராவுடையது. அதனால் அவள் மார்க்கெட் வாசலுக்கு வந்தபோது வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் தாமதம். வாசலில் நின்றபடியே பார்த்தாள். தேவானையின் முன்னால் ஓர் இளைஞன் நின்றிருந்தான். கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையில் கனமான பை. கொஞ்சம் தள்ளி, வரிசைக்குப் பின்னால், பட்டாளத்துக்குக் காய்கறி ஏற்றும் லாரி நின்றது.

"ரெண்டு கட்டு கீரை குடும்மா, பை மேல வெச்சுக்கிட்டுப் போறேன். அவசரம்."

"இன்னா சாமி அவசரம்? இன்னும் போணி ஆவல. பையை ஏன் தூக்கிக்கினு நிக்கிறே, இப்டி வெய்யி." அவன் கையிலிருந்து பையை வாங்கித் தன் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள் தேவானை. வாசல் பக்கம் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "தோ, வந்துடுச்சு எங்க பாப்பா! ஒரே நிமிசம் சாமி."

இளைஞன் திரும்பி ஃப்ளோராவைப் பார்த்தான். பையைப் பார்த்தான். கையை நீட்டினான், நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். பிறகு விறுவிறுவென்று வாசலை நோக்கி நடந்து வந்தான். அவளைத் தாண்டும்போது அவன் உதடுகள் வெளுத்திருந்தன.

"அக்கா, உள்ளே போகாதீங்க," என்றான்.

என்ன சொன்னான் இவன் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் அது வெடித்தது.

சத்தத்தை அவள் பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. நினைவில் நின்றது அதற்குப் பிந்திய அமைதி. புகைக்குள் ஒரு தராசு மட்டும் ஒற்றைத் தட்டோடு ஆடிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து கீரை விழுந்தது. இலை இலையாக, மெதுவாக, அவள் முக்காட்டின் மேலும் தோளின் மேலும்.

ஏழு பேர் செத்துப்போனார்கள். லாரிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மூன்றாம் நாள் போலீஸ் வலியுல்லாவைப் பிடித்துக்கொண்டு போனது. மார்க்கெட் வாசலில் உட்கார்ந்து கித்தான் துணியில் பை தைக்கிறவர். பிடி கிழியாமலிருக்க நுனியில் சிவப்பு நூலால் நாலு தையல் போடுவார். வெடித்த இடத்தில் அந்தச் சிவப்புத் தையல் போட்ட பிடி கிடைத்திருந்தது. மயிலாப்பூரில் பாதி வீட்டில் அதே பிடிதான் ஆணியில் தொங்கியது. ஆனால் தைத்தவன் ஒருவன்தானே என்றார்கள். பையைக் கொண்டுவந்து வைத்தது யார் என்று சொல்ல, பக்கத்திலிருந்தவர்களில் ஒருவரும் மிச்சமில்லை.

பாயைப் பிடித்த அன்று மாலையே ஃப்ளோரா தான் பார்த்ததை அப்பாவிடம் சொன்னாள். ராஜநாயகம் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பையன் உன்னை மட்டும் எச்சரிச்சான்னு சொல்லப்போறியா? உனக்கு அவனைத் தெரியும்னு எழுதிக்குவாங்க. எனக்கு வேலை போகும். உனக்கு அதைவிடப் பெரிசு போகும்."

"பாய் ஒண்ணும் செய்யலையேப்பா."

"செய்யலைன்னா விட்டுடுவாங்க."

விடவில்லை. தனிக் கோர்ட்டு என்றார்கள், தூக்கு என்றார்கள். வலியுல்லாவின் மனைவி நஸ்ருன்னிசா வாசல் வாசலாகப் போய், யாராவது பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வீட்டு வாசலிலும் நின்றாள். ஃப்ளோரா ஜன்னலுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்கு மறுநாள் விடியலில்தான் அது தொடங்கியது. கண் விழித்தபோது அவளுடைய வலது உள்ளங்கை ஈரமாக இருந்தது. வியர்வை இல்லை, சில்லென்ற தண்ணீர். முகர்ந்து பார்த்தாள். மண்ணும் முளைக்கீரையும் கலந்த வாசனை. கீரைக் கட்டின் மேல் தேவானை தண்ணீர் தெளித்துத் தருவாளே, அதே வாசனை. பாயைத் தடவினாள், காய்ந்திருந்தது. கூரையைப் பார்த்தாள், ஒழுகவில்லை. மறுநாளும் அப்படியே. நான்காம் நாள் கையைத் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு படுத்தாள். விடிந்ததும் அவிழ்த்தாள். துணி காய்ந்திருந்தது. உள்ளே கை நனைந்திருந்தது.

குண்டு வெடித்துப் பதினாறாம் நாள் வெங்காயக் கடை கோதண்டபாணி வீட்டுக்கு வந்தார். படியேறாமல் வாசலிலேயே நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

"பாப்பா, புதங்கிழமை மார்க்கெட்டைத் தொறக்கிறோம். எத்தினி நாளு வவுத்துல ஈரத்துணி கட்டிக்கினு குந்திக்கினு இருக்கிறது? ஆனா ஒருத்தனும் உள்ள வரமாட்டேன்றான். பெருக்க வந்தவ தொடப்பத்தைப் போட்டுட்டு ஓடிட்டா."

"ஏன்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "விடியக்காலைல கெழக்கு வரிசைல தண்ணி தெளிக்கிற சத்தம் கேக்குதாம். தப்பு தப்புன்னு. கீரைக்குத் தெளிப்பாளே, அப்டி. அன்னிக்கி அவளுக்குப் போணி ஆவலியே பாப்பா. ஆவாமயே பூட்டாளே. நீ வந்து அவ எடத்துல ஒரு கட்டு எடுத்தீன்னா அடங்கிடுவா. நாப்பது குடும்பம், உன் கைலதான் கீது."

ஃப்ளோரா வலது கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். "வரேன்" என்று தானே சொன்னதைக் கேட்டாள்.

புதன்கிழமை. மழை விட்டு, வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. பூசை முடிந்து மார்க்கெட் வாசலுக்கு வந்தவள், அது மூடியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். ஒரு குரல் இல்லை, ஒரு காக்கை இல்லை. வாசலில், வலியுல்லாவின் சாக்கின் மேல் நஸ்ருன்னிசா உட்கார்ந்திருந்தாள். முன்னால் அவர் தைத்துவைத்த பைகள். கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன கண்களால் ஃப்ளோராவைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஃப்ளோரா உள்ளே போனாள்.

எல்லோரும் இருந்தார்கள். வரிசை வரிசையாக, கத்தரிக்காய்க்குப் பின்னால், பூசணிக்குப் பின்னால், குவித்துவைத்த எலுமிச்சைக்குப் பின்னால். யாரும் விலை கூவவில்லை. யாரும் இருமக்கூட இல்லை. வாங்க வந்தவர்களும் பைகளோடு சுவரோரம் நின்றார்கள். அவள் நடக்க நடக்கத் தலைகள் மட்டும் அவளோடு திரும்பின.

தேவானையின் இடத்தில் தரை கரியாக இருந்தது. அதன் மேல் ஒரு புதுக் கூடை வைத்திருந்தார்கள். நிறைய முளைக்கீரை. கூடைக்குப் பின்னால் யாருமில்லை. எதிரில், தேவானையின் புருஷன், கைவண்டி இழுக்கும் அம்மாசி, முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தான்.

"எடும்மா," என்றார் கோதண்டபாணி, பின்னாலிருந்து.

அவள் குனிந்தாள். கீரையின் மேல் யாரும் இன்னும் தண்ணீர் தெளிக்கவில்லை. இலைகள் உலர்ந்து துவண்டிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. அவளுடைய விரல் நுனியிலிருந்து விழுந்துகொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்தாள்.

"என்னால எடுக்க முடியாது," என்றாள். அந்த மார்க்கெட்டில் அவள் உரக்கப் பேசியது அதுதான் முதல் தடவை. "பாய் வைக்கலை அந்தப் பையை. வெச்சது வேற ஆள். நான் பார்த்தேன்."

ஒரு சாக்குக்கூட அசையவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடிக்காரன் கீரை கேட்டதை. போணி ஆகவில்லை என்று தேவானை தராததை. பையை வாங்கிப் பக்கத்தில் வைத்ததை. "நான் நேரத்துக்கு வந்திருந்தா, அவன் கீரையை வாங்கிக்கிட்டு லாரிப் பக்கம் போயிருப்பான். எனக்காகத்தான் அது இங்கேயே இருந்துச்சு. என்னைப் பார்த்து, உள்ளே போகாதேன்னு சொன்னான். நான் பதினேழு நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

யாரோ ஒரு பெண் "அடிப் பாவி" என்றாள். சத்தமாக இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

அம்மாசி தலையைத் தூக்கினான். "உன்னியப் பார்த்தாளா அவ?"

"பார்த்தாங்க."

"இன்னா சொன்னா?"

"தோ, வந்துடுச்சு எங்க பாப்பான்னாங்க."

"சிரிச்சாளா?"

"சிரிச்சாங்க."

அம்மாசி தலையை ஆட்டிக்கொண்டான். வெகு நேரம் ஆட்டிக்கொண்டிருந்தான்.

கோதண்டபாணி முன்னால் வந்து அவள் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்க்காமலிருக்க அவர் பாடுபடுவது தெரிந்தது. "இங்க சொல்லிட்டே, செரி. அங்க சொல்லுவியா?"

"அதுக்குத்தான் போறேன்."

"போனா, திரும்ப இங்க வராதே பாப்பா. நான் சொல்லல. இவங்க இன்னா சொல்லுவாங்கன்னு சொல்றேன்."

அது அவளுக்குத் தெரியும். இரண்டு நாளாக அவள் யோசித்தது அதைத்தான். அப்பாவின் வேலையை அல்ல, போலீஸை அல்ல. இந்த வரிசை இனி ஒருநாளும் தனக்காகக் காத்திருக்காது என்பதைத்தான்.

அவள் திரும்பி நடந்தாள். நடந்த வழியெல்லாம் ஒரு சத்தம் கூடவே வந்தது. கத்தரிக்காய்க்காரி நனைந்த சாக்கை எடுத்துக் கூடையை மூடினாள். பிறகு பூசணிக்காரர். பிறகு எலுமிச்சை. அவள் நிழல் காய் மேல் படாமலிருக்க, ஒவ்வொரு கடையாக, ஈரச்சாக்கு விழும் சத்தம். தப்பு. தப்பு. தப்பு.

வாசலில் நஸ்ருன்னிசா எழுந்து நின்றிருந்தாள். உள்ளே பேசியதெல்லாம் அவளுக்குக் கேட்டிருந்தது.

"இத்தினி நாளு எங்கம்மா இருந்தே?" என்றாள்.

நஸ்ருன்னிசா பதிலுக்கு நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஃப்ளோரா பின்னால் போனாள். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தாள். பத்தடி தள்ளி அம்மாசியும் வந்துகொண்டிருந்தான். அவனை யாரும் அழைக்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் வரப் பதினோரு மணியாயிற்று. நீ இங்கே வந்தது உன் அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். நீ சாட்சியா, கூட்டாளியா என்பதை நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும் என்றார். சரி என்றாள். ரைட்டர் காகிதத்தைப் பரப்பி, பேனாவை மையில் தோய்த்தார். பையைப் பற்றி எழுதினார். கண்ணாடியைப் பற்றி, முழுக்கைச் சட்டையைப் பற்றி எழுதினார். 'அக்கா, உள்ளே போகாதீங்க' என்ற மூன்று சொற்களை அவள் சொன்னபோது பேனா ஒரு கணம் நின்று, பிறகு எழுதியது.

"நீ கடைசியா உள்ளே பார்த்தப்போ அந்த வரிசையில யார் யார் இருந்தாங்க? பேரைச் சொல்லு."

ஃப்ளோரா கண்களை மூடிக்கொண்டாள்.

"தேவானை. பக்கத்துல கறிவேப்பிலை விக்கிற இசக்கியம்மாள். அப்புறம் அமீனா பீ, முட்டைக் கடை. வாழையிலைக்காரர் ரகுபதி. மூட்டை தூக்குற காஸ்பர், அப்பதான் உட்கார்ந்து பீடி பத்த வெச்சார். பச்சைப் புடவையில ஒரு அம்மா, பேர் தெரியாது. அவங்க இடுப்புல ஒரு குழந்தை."

ரைட்டர் ஒவ்வொருவராக ஏழு பேரையும் எழுதினார். அறைக்குள் புழுக்கம் கூடியது. ஆட்கள் நெருக்கி நின்றால் வருமே, அந்தப் புழுக்கம். இன்ஸ்பெக்டர் கழுத்துப் பித்தானைத் தளர்த்திக்கொண்டார்.

வெளியே, படியின் நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாசி, யாருக்கோ வழி விடுகிறவன் போல ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தான்.