வூடு ஸ்டாப்பிங்

ராணியம்மாள் தெருவின் குறுக்கே கட்டியிருந்த கொடிக்கயிறுகளை அவசர அவசரமாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்து இறுகிப்போன முடிச்சுகளைப் பல்லால் கடித்து இழுத்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளும் அவள் புருஷன் தாண்டவராயனும் விற்றுவிட்டு வந்த, பெருநகர் கிராமத்து வீடு, ஏரிக்கரை இறக்கத்தில் இறங்கி உத்திரமேரூருக்குள் நுழைந்துவிட்டது. இன்னும் இரண்டே தெரு. கூரையில் கயிறு மாட்டினால் ஓடு சரியும். அது மட்டும் நடக்கக் கூடாது. அவளுக்குப் பின்னால் வீட்டுக்கார அம்மாள் உண்ணாமலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உன் வூடு என் வாசல்ல கால வச்சுது, அந்த நிமிசமே உன் சட்டி பானை தெருவுல. சொல்லிட்டேன்."

"கால் எங்கக்கா கீது அதுக்கு?" என்றாள் ராணியம்மாள், வாயில் கயிற்றோடு.

வீட்டை விற்றது எழுபத்தேழாம் வருஷம். தாண்டவராயனுக்கு வயிற்றில் கட்டி. மெட்ராஸ் வைத்தியம் முதலில் நிலத்தைத் தின்றது, பிறகு மாடுகளை, கடைசியில் வீட்டை. ஆள் பிழைத்தான், ஆனால் ஒரு குடம் தண்ணீர் தூக்கத் தெம்பில்லை. வாங்கியவர் நெல் தரகர் லோகநாதன், அதிகம் பேரம் பேசாத மனிதர். வண்டிக்கார முனியனின் மாட்டுவண்டியில் சாமான் ஏறியதும் ராணியம்மாள் மட்டும் திரும்பிப் போய், கதவில் உள்ளங்கையை வைத்து என்னவோ சொன்னாள். மாட்டுக் கழுத்து மணிச் சத்தத்தில் முனியனுக்கு அது காதில் விழவில்லை. உத்திரமேரூரில் உண்ணாமலையின் வரிசை வீட்டில் மூன்றாவது போர்ஷன் கிடைத்தது. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஐந்து குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு கிணறு. அந்த அறையில் ராணியம்மாள் ஒரு கட்டில் போட விடவில்லை, ஒரு பெட்டி சேர்க்க விடவில்லை. கேட்டால், "எடம் வேணும்" என்பாள். எதற்கு என்று சொல்லமாட்டாள்.

அந்த ஆடியில் வீடு கிளம்பியது. ஊர் சாப்பிட உட்காரும் மத்தியான வேளையில்தான் அது நகரும். கை கழுவ எழுந்தவர்கள் பார்த்தால், வாசலுக்கு இடது பக்கம் நின்ற வேப்பமரம் வலது பக்கம் நிற்கும். உள்ளே லோகநாதன் குடும்பத்துக்கு ஒன்றும் தெரியாது. சொம்புத் தண்ணீர்கூட அலுங்காது. விளைந்த கழனியில் புகுந்து மறுகரை ஏறியபோது கதிர்கள் படுத்து, அது போனபின் எழுந்து நின்றன. ஒரு மணி உதிர்ந்ததாகக் கழனிக்காரன் செங்கேணி புகார் சொன்னதில்லை. லோகநாதனின் மனைவி சாரதாவுக்கு நடுவழியில் பெண் குழந்தை பிறந்தது. எந்த ஊர்ப் பிறப்பு என்று இரண்டு ஊராட்சிகள் மோதிக்கொண்டு, கடைசியில் ரோட்டில் பிறந்ததாக ஒத்துக்கொண்டன. பஸ் கண்டக்டர் ஏசுதாஸ், "வூடு ஸ்டாப்பிங்லாம் எறங்கிக்க" என்று விசில் ஊதுவார். அந்த ஸ்டாப்பிங் மாசத்துக்கு மாசம் கிழக்கே தள்ளிக்கொண்டே வந்தது. ஒரு ஸ்டேஜ் தாண்டியபோது பெருநகரிலிருந்து டிக்கெட் ஐந்து பைசா ஏறியது. லோகநாதன் முணுமுணுத்துவிட்டுக் கொடுத்தார்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டுதான் வருவார்கள். பக்கத்தில் வந்ததும் பேச்சு நின்றுவிடும். தேர் நகர்வதைப் பார்த்துப் பழகிய ஜனம் அது. தேருக்கு ஆயிரம் கை உண்டு, வடம் உண்டு, முட்டுக்கட்டை உண்டு. இதற்கு யார் கையும் இல்லை. சுவரில் காதை வைத்துக் கேட்டவர்கள், நீண்ட தூரம் நடப்பவர் விடுவதுபோல உள்ளே மூச்சு கேட்டதாகச் சொன்னார்கள். யாரோ ஒருத்தி வாசற்படிக்கு மஞ்சள் பூசினாள். அதன்பின் அது நின்ற ஒவ்வொரு ஊரிலும் பூசினார்கள்.

ஏன் நடக்கிறது என்பதற்குச் சீக்கிரமே ஒரு காரணம் ஊரில் பரவியது. கிளம்பும்போது ராணியம்மாள் வாய் தவறி, எல்லாரும் எங்கும் சொல்வதுபோல, "போய்ட்டு வரேன்" என்று சொல்லியிருப்பாள். விற்ற வீட்டிடம் அப்படிச் சொல்லலாமா? அது காத்திருந்து பார்த்தது, ஆளைக் காணோம், தேடிக் கிளம்பிவிட்டது. லோகநாதனே ஒருநாள் போர்ஷனுக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றபடி பேசினார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. ஒருவாட்டி வந்து, 'நான் போறேன், இனிமே வரமாட்டேன்'னு அத்தாண்ட சொல்லிடுங்க. நின்னுடும். எம் பொண்டாட்டி தெனம் வேற கெணத்துல தண்ணி சேந்திகினு கீறா."

"நான் போய்ட்டு வரேன்னு சொல்லலீங்களே."

"அப்ப இன்னாதான் சொன்னீங்க?"

ராணியம்மாள் உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். முகம் சிவந்திருந்தது. தாண்டவராயன் கேட்டபோதும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வூட்டுக்கு வசியம் வச்சிட்டாய்யா உம் பொண்டாட்டி" என்று கிணற்றடியில் கேலி செய்தவர்கள்கூட, வீடு நெருங்க நெருங்க வாயை மூடிக்கொண்டார்கள். அது வந்து மோதினால் வரிசை வீடு நொறுங்கும் என்று உண்ணாமலைக்குப் பயம். அவள் காலி பண்ணச் சொன்னதும் தாண்டவராயன் தெருத்தெருவாக வேறு இடம் கேட்டான். பின்னாலேயே ஒரு வீடு நடந்து வரும் குடித்தனத்துக்கு யார் வாடகைக்கு விடுவார்கள்? உண்ணாமலை வெளியே தள்ளினால் நோயாளி மனிதனோடு தெருவில்தான் கிடக்கவேண்டும். அது ராணியம்மாளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி வீட்டை நிறுத்த அவள் போகவில்லை.

கடைசிக் கயிற்றை அவிழ்த்து முடித்தபோது வீடு தெருமுனைக்கு வந்துவிட்டது. அந்த ஒரு நாள் மட்டும் அது எல்லார் கண் முன்னாலும் நடந்தது. இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று இறங்கவேண்டிய தெரு அது. முனையில் வீடு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, கூட்டமான பஸ்ஸில் பருத்த உடம்புக்காரர் ஒருக்களித்து ஏறுவதுபோலத் தன்னை ஒடுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. ஒரு சுவரிலும் உரசவில்லை. ஓட்டின் மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் பறக்கவில்லை. ஜன்னலுக்குள் லோகநாதன் பிசைந்த சோற்றுக் கையோடு, எதிர்வீட்டுக்காரரைப் பார்த்துத் தலையாட்டியபடி கடந்து போனார். யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றினார். பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கழற்றினார்கள். மூன்றாவது போர்ஷனுக்கு எதிரில் வந்து நின்ற வீடு, தன் முன்கூரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தி, அந்தச் சின்ன நிலைவாசலைத் தொட்டது. தெரு முழுக்க மண்பானைத் தண்ணீர்போல ஒரு குளிர்ச்சி பரவியது. அறைக்குள் படுத்திருந்த தாண்டவராயன் பிற்பாடு சொன்னான்: நாலு சுவரும் இருந்த இடத்தில்தான் இருந்தன, ஆனால் பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எதிரொலி வந்தது.

வெயில் தாழ்ந்ததும் வீடு திரும்பிக்கொண்டது. யாரும் அதைப் போகச் சொல்லவில்லை. வந்த வழியே, அதே நிதானத்தில், எண்பத்தைந்தில் அது பெருநகர் போய்ச் சேர்ந்து பழைய அஸ்திவாரத்தில் உட்கார்ந்தது. டிக்கெட்டில் ஐந்து பைசா குறைந்தது. லோகநாதன் குடும்பம் இன்றும் அதில்தான் இருக்கிறது. ராணியம்மாளின் சட்டி பானையும் தெருவுக்கு வரவில்லை; கடைசிவரை அவர்கள் மூன்றாவது போர்ஷனிலேயே இருந்தார்கள். கூரை தாழ்ந்து நின்ற அந்த மத்தியானம், பானைகளை வாரி எறியத்தான் உண்ணாமலை உள்ளே போனாள். அங்கே ராணியம்மாள் பெட்டியடியில் மடித்து வைத்திருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். உண்ணாமலை குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னாதாண்டி சொல்லிட்டு வந்த அத்தாண்ட?"

"எங்க கெளம்பனாலும் சொல்றதுதானக்கா. பழக்க தோசத்துல வந்துட்ச்சி. அப்பால, இத்தினியூண்டு ரூமை வச்சிகினு அம்மாம் பெரிசைப் போயி கூப்ட்டோமேன்னு ஒரே வெக்கம். அதான் யாராண்டயும் சொல்லல." தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி சொன்னாள்: "ஒரு நடை எங்க வூட்டுக்கு வந்துட்டுப் போன்னேன்."