திட்டி முடிக்கிறவரை

பிப்ரவரி பிறந்துவிட்டால் மலைச்சரிவில் யாருக்கும் முதுகு நிமிர்த்த நேரமிருக்காது. மார்ச் பாதியில் பெருமழை இறங்கிவிடும். அதற்குள் வாழையில் காய்ந்த மட்டைகளைக் கழிக்க வேண்டும். பக்கக்கன்றுகளைக் குறைத்து, தூருக்குத் தாய், மகள், பேத்தி என்று மூன்றை மட்டும் விட வேண்டும். தொழுவத்து எருவைச் சுமந்து வந்து கொட்ட வேண்டும். காப்பிக்குக் கிளை கழிக்கும் கவாத்து, வாய்க்காலுக்குத் தூர்வாருதல் என்று வீட்டைச் சுற்றிய அரை ஏக்கர் ஆளைப் பிழிந்து எடுத்துவிடும். கிளிமஞ்சாரோவில் பிப்ரவரி மாதம் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால், என்ன நோய் என்று விசாரிக்க நாலு பேர் வந்துவிடுவார்கள்.

ஹைக்கா சும்மா இருக்கிற ஆள் இல்லை. அவளுடைய கோளாறே வேறு. கையில் வெட்டுக்கத்தி ஏறிவிட்டால் எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியாது.

வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஓரகத்தி முகுண்டே இருந்தாள். ஹைக்காவின் கணவன் ஒம்பேனிக்கு அண்ணன் மிரிங்கி. அவன் போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. அவன் மனைவிதான் முகுண்டே. இருபது வருடமாக இரண்டு பெண்களும் மழைக்கு முந்தைய வேலையைச் சேர்ந்தேதான் செய்தார்கள். முதலில் அக்கா தோட்டம், பிறகு தங்கை தோட்டம். இந்த வருடம் மகளின் பிரசவத்துக்காக முகுண்டே அருஷாவுக்குப் போனவள், மூன்று வாரமாகியும் திரும்பவில்லை. அக்கா வந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்து பளிச்சென்று இருக்கட்டும் என்று ஹைக்கா இரண்டு தோட்டத்திலும் தனியாளாக இறங்கினாள். நல்ல மனசு. நல்ல மனசுக்குக் கண் கொஞ்சம் கம்மி.

கன்று குறைத்தாள், எரு போட்டாள். பிறகு வேலியைப் பார்த்தாள். மசாலேச் செடிகள் ஆளுக்கு மேல் வளர்ந்து காப்பிக்கு வெயில் விடாமல் நின்றன. வேலி முழுவதையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டினாள். முகுண்டேயின் சமையற்கட்டுப் பக்கம் மூலையில் ஏழு செடிகள் வரிசை தப்பித் தனியாக நின்றன. அவற்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் துண்டு துண்டாக நறுக்கி வாழைக்கு மூடாக்காகப் பரப்பினாள். அன்றைக்கு அவளுக்கு ரொம்பப் பெருமை.

முகுண்டே வந்து கூடையை இறக்கினாள். வாழையைப் பார்த்தாள், தூருக்குப் போட்ட எருவைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. மூலைக்குப் போனாள். வெட்டிய அடிக்கட்டை ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் ஒரு பேச்சில்லை. ஹைக்கா கொடுத்தனுப்பிய பால் அப்படியே திரும்பி வந்தது. மூன்றாம் நாள் காலையில் ஒம்பேனிதான் விஷயத்தை உடைத்தான்.

"மூலையில நின்ன ஏழு செடியையுமா வெட்டின?"

"வேலிதானே?"

"வேலியா? எங்கண்ணன் வாயைத் தொறந்து மன்னிப்புக் கேட்டு நீ எப்பவாவது பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. மிரிங்கி தவறு செய்தால் ஒரு மசாலேக் கொழுந்தை ஒடித்துக்கொண்டு மனைவி முன்னால் போய் நிற்பான். எங்கள் பக்கத்தில் மசாலேயோடு வந்து நிற்கிறவரை மன்னிக்காமல் இருக்க முடியாது. கொலைப்பகையே அதோடு தீர்ந்திருக்கிறது, புருஷன் பெண்டாட்டி சண்டை எம்மாத்திரம்? முகுண்டேயும் வாங்கிக்கொள்வாள். வாங்கிய கொழுந்தைச் சமையற்கட்டுப் பக்கம் மண்ணில் குத்திவைப்பாள். அது வேர்பிடித்துவிடும். அப்படி ஏழு.

கூடப்பிறந்தவள் என்று ஹைக்காவுக்கு யாரும் இல்லை. இந்த மலைக்கு வாழ வந்த நாளிலிருந்து எல்லாமே முகுண்டேதான். முகுண்டே பேசாத வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மன்னிப்புக் கேட்கவேண்டும். அதற்கும் மசாலே வேண்டும். வேலியில் மருந்துக்குக்கூட ஓர் இலை இல்லை. அத்தனையையும் வெட்டிய புண்ணியவதி அவளேதான்! மேட்டுவீட்டுப் பெரியவர் ஷிரிமாவிடம் போய்க் கேட்டாள்.

"தர்றேன், தர்றேன். என்ன தப்பு பண்ணினன்னு மொதல்ல சொல்லு," என்றார் ஷிரிமா. "புருஷன்கிட்டயா, பாதிரியார்கிட்டயா?"

"வேலியை வெட்டிட்டேன்."

"வேலியை வெட்டினவ வேலிகிட்டதானே மன்னிப்புக் கேக்கணும்?" அவர் சிரித்துக்கொண்டே நல்ல கொழுந்தாகப் பார்த்து ஒடித்துக் கொடுத்தார்.

முகுண்டே தோட்டத்தில் குலைதள்ளிய வாழைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஹைக்காவின் கையில் இருந்ததைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"அங்கேயே நில்லு! நீட்டாத!"

"அக்கா..."

"நீட்டினா நான் வாங்கணும். வாங்கினா மன்னிக்கணும். மன்னிச்சிட்டா அப்புறம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லடி. அதை இடுப்புல சொருகிட்டு வந்து இந்தக் கம்பைப் பிடி."

ஹைக்கா வந்து கம்பைப் பிடித்தாள். முகுண்டே ஆரம்பித்தாள். கண் எங்கே வைத்தாய், பின்னந்தலையிலா என்றாள். உன் கையில் கத்தியைக் கொடுத்தவனைச் சொல்லவேண்டும் என்றாள். மத்தியானம் வாழைக்காயும் கறியும் போட்டுக் குழைய வேகவைத்து ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்து வைத்தாள்.

"சாப்பிடு. வெறும் வயித்துல திட்டு வாங்காத."

சாயங்காலம் ஹைக்கா இடுப்பில் சொருகிய கொழுந்தில் கைவைத்ததும், "இன்னும் முடியல. நாளைக்கு வா," என்றாள்.

மறுநாள் காப்பிக்குக் கவாத்து. திட்டு வேலியிலிருந்து செடிகளுக்கு நகர்ந்தது.

"மொதச் செடி எதுக்குன்னு தெரியுமா? கல்யாணமான புதுசு. உப்பு வாங்கப் போன மனுஷன் மூணாம் நாள் வந்தாரு. கூட்டாளிங்களோட. உப்பு இல்லாம! ரெண்டாவது, எங்கப்பா சாவுல வாழை பீரைக் குடிச்சிட்டுக் கல்யாணப் பாட்டு பாடினதுக்கு. நாலாவது, மகளுக்கு ஷோசேன்னு பேர் வச்சாரே, அது யாரு பேருங்குற? எனக்கு முன்னாடி அவரு சுத்தின பொண்ணு பேரு! அதை அவ ஞானஸ்நானம் முடிஞ்சப்புறம் எங்கிட்டச் சொல்றாரு!"

ஹைக்காவுக்குச் சிரிப்பு முட்டியது. குனிந்து கிளை பொறுக்கினாள்.

"சிரிக்கிறியா? சிரி. இலையைத் தூக்கிட்டு வந்து நின்னுடுவாரு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள கையில திணிச்சிடுவாரு. அவ்வளவுதான், சண்டை முடிஞ்சுது. முப்பது வருஷத்துல ஒரு சண்டையாவது நான் முழுசாப் போட்டிருப்பேனா?"

அப்போதுதான் ஹைக்காவுக்குப் புரிந்தது, இரண்டு நாளாகத் தான் வாங்கிக்கொண்டிருப்பது தன்னுடைய திட்டு இல்லை என்று. அதற்காக அவள் எழுந்து போகவில்லை. கிளைகளை மெதுவாகவே பொறுக்கினாள்.

மூன்றாம் நாள் வாய்க்கால் தூர்வாரினார்கள். முகுண்டே ஆறு செடி வரைக்கும் வந்துவிட்டாள். ஏழாவதைத் தொடாமல் மண்ணை வேகவேகமாக வாரத் தொடங்கினாள்.

"ஏழாவது எதுக்கு அக்கா?"

முகுண்டே மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"நெஞ்சுல கட்டி. ஒரு வருஷமாத் தெரிஞ்சிருக்கு அவருக்கு. ஒரு வருஷம்! எங்கூடப் படுத்து, எங்கையால தின்னு, ஒரு வார்த்தை சொல்லல. டாக்டர் கைவிரிச்ச அன்னிக்குக் கட்டில்ல கெடந்துகிட்டு இலையை நீட்டறாரு. நான் என்ன செய்யட்டும்? வாங்கினேன். வாங்கிட்டு வாயை மூடிக்கிட்டேன். ரெண்டு மாசம் மூடினபடியே இருந்தேன். அப்புறம் பொதைச்சாச்சு." அவள் மூலையைப் பார்த்துக் கத்தினாள். "ஏன்யா சொல்லல? நான் யாருய்யா உனக்கு? ஒரு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா ஒன்னைத் தோள்ல தூக்கிட்டாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேனே!"

வெட்டிய ஏழு அடிக்கட்டைகளும் சும்மா நின்றன. முகுண்டே தோள்துணியால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

ஹைக்கா வாய்க்காலுக்குள் முழங்கால்வரை சேற்றோடு நின்றபடி, "தப்புதான்," என்றாள்.

முகுண்டே திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

"தப்புதான் அக்கா. சொல்லியிருக்கணும். பெரிய தப்பு."

முகுண்டே தலையை ஆட்டினாள். அப்புறம் வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்து, மண் ஒட்டிய கையை நீட்டினாள்.

"இப்ப குடு."