மரத்துப்போன விரல்

ஐந்து மணிக்கு ஹென்றி கையுறையைக் கழற்றி வீசிவிட்டு, ஐஸ் ஃபேக்டரியின் பின்வாசலில் போனோடு உட்கார்ந்தான். போனில் மகள் ஜூடி ஆடும் ஆன்லைன் விளையாட்டை, அதை நடத்தும் கம்பெனிக்காரர்கள் ஆறு மணிக்கு ஒரேயடியாக மூடிவிடப் போகிறார்கள். அதற்குள் அவளிடம் ஒரு வார்த்தை பேசியாக வேண்டும்.

ஐந்து மாதத்துக்கு முன், ஒவைஸைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்னதற்கு, கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் பார்க்க அவளை அறைந்து, "என் மூஞ்சிலயே முழிக்காத" என்றான். அதுவரை அப்பன் பேச்சைக் கேட்டே அறியாத பெண், அதை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டாள். போனில் எல்லா வழியையும் அடைத்துவிட்டாள். எங்கே இருக்கிறாள் என்றும் தெரியாது. மிச்சமிருந்தது இது ஒன்றுதான், வாளும் மந்திரமுமாக அவள் ஆடும் ஆட்டம். அதில் அவள் பெயர் ஜூடி-13. வீட்டை விட்டுப் போனவள் ராயபுரத்துப் பின்கோடான 13-ஐ விடவில்லை என்பதில் அவனுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அவள் குழுவில் சேர்ந்தால்தான் பேச முடியும். அவர்களோ உயிரூட்டும் மந்திரத்தில் பத்தாம் படி ஏறியவரைத்தான் சேர்ப்பார்கள். காயத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால், நம் உயிரைக் காட்டும் பச்சைக் கோடு இறங்கி அடுத்தவருக்கு ஏறும். சீக்கிரம் எடுத்தால் பயிற்சி சேராது. கோடு சிவந்த பின்னும் எடுக்காவிட்டால் நாம் காலி. விழுந்தவனால் யாராவது தூக்கிவிடும்வரை பேசவும் முடியாது. மூன்று வாரமாக ஆட்டத்துக் கோட்டை வாசலில் உட்கார்ந்து, அடிபட்டு வந்த முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் ஹென்றி விரல் வைத்தான். ஐஸ் பாளம் தூக்கி மரத்துப்போன விரல். பாதி நேரம் போனுக்கு அது விரல் என்றே தெரியாது. டீ கிளாஸில் ஒட்டிச் சூடேற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி வைப்பான்.

"இன்னா மாமு, என் பேர வெச்சிக்கினா பொண்ண தேடிக்கினு கீற?" என்றான் கூட வேலை செய்யும் மணி.

"என் பேரப் பாத்தா ஓடிருவாடா."

ஐந்து நாற்பதுக்குப் பத்தாம் படி. ஐம்பதுக்குக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். 'வாங்க மணி' என்று ஜூடி எழுதினாள். அவன் 'ஜூடிம்மா' என்று அடிக்கப் பார்த்தான். முதல் எழுத்தே விழவில்லை. அதற்குள் ஒரு பூதம் அவளைச் சாய்த்துவிட்டது.

விரலை வைத்தான். பிடிக்கவில்லை. வாயில் வைத்துச் சூடாக்கி, துடைத்து, மறுபடி வைத்தான். பிடித்தது. அவள் கோடு ஏற ஏற, இவன் கோடு சிவந்தது.

"எடு மாமு, எடு!" என்று மணி கத்தினான்.

பாளத்தைப் பாதியில் விட்டால் கீழே நிற்கிறவன் கால் போய்விடும். முழுசாக இறங்கும்வரை கையெடுக்காதது இருபது வருஷப் பழக்கம். அவளை அறைந்ததும் இதே கைதான். எடுக்கவில்லை.

ஜூடி எழுந்தாள். அவள் காலடியில் மணி என்ற பெயரோடு ஹென்றி விழுந்து கிடந்தான். நேரம் ஐந்து ஐம்பத்தெட்டு. அவன் எழுதும் பெட்டி மூடிக்கொண்டது.

'அவர வுடு, டைம் இல்ல' என்று குழுவில் யாரோ எழுதினார்கள்.

'எனக்காக வுழுந்தவரு. தூக்கிகினு வரேன்.'

அவள் மண்டியிட்டு அவன் நெஞ்சில் கை வைத்தாள். பச்சைக் கோடு மயிரிழை மயிரிழையாக ஏறியது. எழுதும் பெட்டி திறக்கட்டும் என்று ஹென்றி விரலை டீ கிளாஸோடு ஒட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தான். டீ எப்போதோ ஆறிப்போயிருந்தது.