அறுபத்தொரு மஞ்சள் சீட்டுகள்

திங்கட்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கு மின்னஞ்சல் வந்தது. அண்ணி ஒரு கோட்டின் காலரில் கறை எடுத்துக்கொண்டிருந்தாள். கை ஈரம். நாத்தனார் வாசித்தாள்.

சலவைக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவள் அண்ணிதான். நாத்தனாருக்குப் பட்டப்பெயர் சில்வண்டு. வாய் ஓயாது. இப்போது ஓய்ந்தது.

“என்னடி?”

“உங்க கட்டுரைய நீங்க எழுதலையாம், அண்ணி.”

அண்ணி மாலை நேர வகுப்பில் பொதுச் சுகாதாரம் படிக்கிறாள். பதினொரு வருடம் தள்ளிப்போட்டுச் சேர்ந்த படிப்பு. எழுதுவதெல்லாம் ஆங்கிலத்தில். முதல் கட்டுரைக்கு முப்பத்தெட்டு மதிப்பெண். இரண்டாவது, நோயாளிகள் மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள் என்பது. எழுபத்தாறு.

அதுதான் சிக்கல். கணினிப் பதிவின்படி முழுக் கட்டுரையும் எழுபது நிமிடத்தில் தட்டச்சு ஆகியிருந்தது. நிறுத்தவில்லை, அழிக்கவில்லை, திருத்தவில்லை. யோசித்து எழுதுகிறவர்கள் அப்படி எழுதுவதில்லை என்றது கடிதம். வேறு யாரோ எழுதியதாகச் சந்தேகம். புதன் பகல் இரண்டு மணிக்குக் கல்வி நேர்மைக் குழுவின் முன் வரவும். வரைவுகளைக் கொண்டுவரவும். நிரூபிக்காவிட்டால் படிப்பிலிருந்து நீக்கம்.

“வரைவுன்னா?”

“எழுதிப் பார்த்தது.”

“அதான் இருக்கே! சீட்டு!”

முதல் கட்டுரையின் ஓரத்தில் விரிவுரையாளர் எழுதியிருந்தார்: ஒரு வாக்கியத்துக்கு ஒரு கருத்து போதும். அண்ணி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அடையாளத்துக்குத் துணியில் குத்துகிற மஞ்சள் சீட்டு உள்ளங்கை அளவு. முன்பக்கம் அச்சடித்த எண். பின்பக்கம் காலி. ஒரு சீட்டுக்கு ஒரு வாக்கியம். சட்டைக்கும் சட்டைக்கும் நடுவே எழுதினாள். இஸ்திரி மேசைக்கு மேலே கம்பி கட்டி கிளிப்பில் தொங்கவிட்டாள். இடம் மாற்றினாள். கிழித்தாள். ஆறு வாரம். கடைசியில் கம்பியில் அறுபத்தொன்று நின்றது. வரிசையாக எடுத்துப்போய் நூலகத்தில் உட்கார்ந்து தட்டினாள். எழுபது நிமிடம்.

“சீட்டெல்லாம் எங்கங்க?” என்றாள் அண்ணி உள்ளே பார்த்து.

கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“எந்தச் சீட்டு?”

“டப்பால வச்சிருந்தேனே.”

“அது… சனிக்கிழமை சீட்டு தீந்துபோச்சு. டப்பால நெறைய இருந்துச்சு. நம்பர் பக்கம் சுத்தமாத்தான் இருந்துச்சு.”

“அதனால?”

“குத்திட்டேன்.”

“எதுல?”

“துணியில.”

சில்வண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்து சிரித்தாள். அண்ணி அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையோடு அவளும் சிரித்துவிட்டாள்.

கடையில் இன்னும் எடுத்துப்போகாத துணிகளில் இருபத்துமூன்று சீட்டுகள் கிடைத்தன. மீதி முப்பத்தெட்டும் ஊருக்குள் போயிருந்தன. நல்லவேளை, எந்த எண் யாருடைய துணி என்று பதிவேட்டில் இருந்தது. கணவர் பதிவேட்டோடு தொலைபேசி அருகே உட்கார்ந்தார். தண்டனை மாதிரி. அண்ணியும் சில்வண்டும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள்.

பல் டாக்டர் சீட்டை வைத்திருந்தார். சிவப்பு மையில் இரண்டு இடத்தில் திருத்தியும் இருந்தார்.

“இங்க ஒரு கமா வரணும்மா.”

“இப்பப் போட்டா தப்பாயிடும், டாக்டர். நான் போடலன்னுதான் காட்டணும்.”

“தப்புன்னு தெரிஞ்சும் விடணுமா?” டாக்டருக்கு மனசே இல்லை. அடுத்த நோயாளி திறந்த வாயோடு காத்திருந்தார்.

வங்கி மேலாளர் தன் சீட்டை பர்ஸிலிருந்து எடுத்தார். அதில் எழுதியிருந்தது: பாதியில் நிறுத்தியவரைத் திட்டாதீர்கள், ஏன் என்று கேளுங்கள்.

“எனக்குன்னு எழுதினதா நெனச்சேன். ஜிம்முக்குப் போறத நிறுத்திட்டேன்” என்றார். திருப்பித் தரத் தயங்கினார். சில்வண்டு அதே வாக்கியத்தை வேறு தாளில் எழுதிக் கொடுத்து வாங்கினாள்.

மூன்றாவது மாடிப் படிக்கட்டில் ஒரு கணக்காளர் உட்கார்ந்திருந்தார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

“சீட்டு எழுதினது நீங்கதானா?” என்றார். “தயவுசெஞ்சு என் வீட்டுக்காரிகிட்ட சொல்லுங்க.”

கதவு ஒரு சாண் திறந்தது. சீட்டைப் பிடித்த கை மட்டும் வந்தது.

“இவர் சட்டையில இருந்துச்சு. பொம்பள கையெழுத்து. ‘உடம்பு தேறியதும் அவர் திரும்பி வருவதில்லை.’ யாருடி அந்த அவர்?”

“நோயாளிங்க.”

“எந்த நோயாளி?”

“பொதுவா, எல்லா நோயாளியும். ஆஸ்பத்திரிக்கு.”

“என் வீட்டுக்காரர் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போனாரு?”

“போகல அக்கா. அவரு சட்டைதான் எங்க கடைக்கு வந்துச்சு.”

சில்வண்டு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். அண்ணி மாத்திரைகளைப் பற்றி, பாதியில் நிறுத்துவதைப் பற்றி, ஆதாரங்களோடு பத்து நிமிடம் பேசினாள். கதவு முழுதாகத் திறந்தது. கணக்காளர் உள்ளே போனார். “சீட்டப் புடிங்க. இனி துணிய நானே தொவச்சுக்கறேன்” என்றாள் அந்த அம்மாள்.

ஒரு வாடிக்கையாளர் போச்சு.

செவ்வாய் மாலைக்குள் முப்பத்தேழு வந்தன. கடைசிச் சீட்டு ஒரு மாலுமியின் சீருடையோடு கப்பலேறியிருந்தது. மாலுமி அதைப் படமெடுத்து அனுப்பினார். கூடவே ஒரு வரி: நானும் பாதியில் விட்ட மாத்திரையைத் திரும்பச் சாப்பிடுகிறேன்.

புதன் பகல் ஒன்றரை. பல்கலைக்கழக நடைக்கூடத்தில் ஒரு நீள பெஞ்சு. அண்ணி சீட்டுகளை வரிசையாக அடுக்கினாள். சில்வண்டு காற்றில் பறக்காமல் கையால் அணைத்துப் பிடித்தாள். நாற்பத்தேழாவது சீட்டில் அண்ணியின் விரல் நின்றது.

நலமானதும் மாத்திரை விருந்தாளி ஆகிவிடுகிறது; எப்போது கிளம்பும் என்று பார்க்கத் தொடங்குகிறோம்.

கட்டுரையிலேயே நல்ல வாக்கியம். விரிவுரையாளர் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தார். கையெழுத்து அண்ணியுடையது அல்ல.

“இது யாரு எழுதினது?”

சில்வண்டு எட்டிப் பார்த்தாள். “நான்தான். நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. ஒரு கிளிப் காலியா இருந்துச்சு. அசிங்கமா இருக்கேன்னு…”

“ஏன்டி சொல்லல?”

“நீங்க கேக்கல. நல்லா இருக்குன்னு வச்சுக்கிட்டீங்கன்னு நெனச்சேன்.”

அண்ணிக்கு நினைவு வந்தது. அன்று அந்த வாக்கியத்தைத் தட்டும்போது, நாம் கூட இப்படி எழுதுகிறோமே என்று பெருமையாக இருந்தது.

சில்வண்டு பையிலிருந்து ஒரு காலிச் சீட்டையும் பேனாவையும் எடுத்தாள். “உங்க கையால எழுதிடுங்க. இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு. யாருக்குத் தெரியும்?”

அண்ணி பேனாவை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். சீட்டில் முதல் சொல்லை எழுதினாள். இரண்டாவது சொல்லுக்குக் கை போகவில்லை. மூடியைப் போட்டாள்.

“என்ன அண்ணி?”

“உன்னுத நான் எழுத முடியாதுடி.”

“பயமா?”

“தெரியல. சிரிப்பாவும் வருது.”

கதவு திறந்தது.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். குழுத் தலைவி. விரிவுரையாளர். குறிப்பெடுக்கும் அலுவலர். அண்ணி சீட்டுகளை மேசையில் வைத்தாள். ஒன்றை மட்டும் தள்ளி வைத்தாள்.

“அறுபது என்னுது, அதுல ஒண்ணு கைபேசியில படமா இருக்கு. இது என்னுது இல்ல, மேடம். என் நாத்தனார் எழுதினது. இன்னைக்கு ஒண்ணேமுக்காலுக்குத்தான் எனக்கே தெரியும்.”

விரிவுரையாளர் எடுத்துப் பார்த்தார். முகம் வாடியது.

“இதுக்குத்தானே நான் நட்சத்திரம் போட்டேன்.”

“ஆமா சார்.”

தலைவி அந்த ஒன்றை ஓரமாக வைத்தார். மேசையிலிருந்த மீதிச் சீட்டுகளை இரு கையால் கலைத்தார். நன்றாக, சீட்டுக்கட்டு மாதிரி. “இப்ப அடுக்குங்க.”

அண்ணி நாற்காலியை ஒதுக்கினாள். துணி பிரிக்கிற வேலை நின்றுகொண்டு செய்வது. கை பழக்கத்துக்கு வந்தது. இது காரணம், இது ஆதாரம், இது அதற்கு எதிர்வாதம். மேசை போதவில்லை. விரிவுரையாளர் எழுந்து சன்னல் திட்டைக் காலி செய்து கொடுத்தார். அலுவலர் குறிப்பெடுப்பதை விட்டுவிட்டுக் அண்ணியின் கைபேசியில் மாலுமி அனுப்பிய சீட்டுப் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டு நிமிடம்.

தலைவி கட்டுரையை வைத்துச் சரிபார்த்தார். “ஒண்ணு எடம் மாறியிருக்கு. கட்டுரையில இது முப்பதாவது.”

“தெரியும் மேடம். இங்க வச்சாத்தான் அடுத்தது நிக்குது. அன்னைக்குத் தோணல.”

தலைவி இரண்டு சீட்டையும் மாறி மாறிப் படித்தார். “இதுதான் சரி” என்றார் விரிவுரையாளரிடம். பிறகு சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கட்டுரை உங்களோடது. நீக்கம் இல்ல. அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் யார் சொன்னதுன்னு குறிப்புப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள மறுபடி குடுங்க. நட்சத்திரம் உங்களுக்குக் கெடையாது.”

“வேண்டாம் மேடம்” என்றாள் அண்ணி. கால் தரையில் படாத மாதிரி இருந்தது.

“நாத்தனார் வந்திருக்காங்களா? குறிப்புக்குப் பேரும் எழுதின தேதியும் வேணும்.”

தேடிப்போகவே வேண்டாம். சில்வண்டு கதவில் காதை வைத்திருந்தாள். கதவைத் திறந்ததும் உள்ளே வந்து விழாத குறை.

விரிவுரையாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்கதானா?”

“நான்தான் சார். தெரியாம எழுதிட்டேன்.”

தலைவி விதிமுறைப் புத்தகத்தைத் திருப்பினார். “எழுதினது தப்பில்லம்மா. அடுத்தவங்களோடத எடுத்தா, இது இன்னாரோடதுன்னு வெளிப்படையாச் சொல்லிடணும். அவ்வளவுதான் நேர்மை.”

“சொல்லிட்டா போதுமா, மேடம்?”

“போதும்.”

சில்வண்டு அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள்.

“அப்ப இந்தப் புதுச் செருப்பு அண்ணியோடது, கேக்காமப் போட்டுட்டு வந்துட்டேன். மூணு பேரு முன்னாடி சொல்லிட்டேன். இனி நானே வச்சுக்கலாமா?”