‘செ’ வருவதற்கு முன்

என் வீட்டுக்காரருக்கு வருஷம், மாசம் எதுவும் நினைவில் நிற்காது. எழுத்துதான் நிற்கும். எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குக் கரண்ட் வந்தது ‘ஈ’ எழுதும்போது. மண் சரிந்து தெரணியகலை ரோடு மூடிப்போனது ‘கு’வில். நான் சுகமில்லாமல் படுத்தது ‘க’ தொடங்கியபோது. இப்படி ஒரு மனுஷனோடு குடித்தனம் பண்ணினால் நமக்கும் பாதி வாழ்க்கை கனவில் நடப்பதுபோலத்தான் இருக்கும்.

முத்துவீரன் மாஸ்டர் என்றால் சுற்றுவட்டத்தில் தெரியாதவர் இல்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். 1992இல் தைப்பொங்கலுக்கு மறுநாள், தேயிலைக்கும் ரப்பருக்கும் இலங்கைக்கு வந்த நம் சனங்களைப் பற்றி அகரவரிசையில் ஒரு கலைக்களஞ்சியம் தொகுக்கப் போவதாகச் சொன்னார். “செய்ங்க, ஆனா அடுப்படிக்குள்ள கொண்டாராதீங்க” என்றேன். ஒரு வருஷத்தில் அடுப்படிக்குள்ளும் வந்துவிட்டது. ஓப்பநாயக்கவிலிருந்து ஒருவர் மாரியம்மன் கும்மியைப் பற்றி எழுதுவார், வரக்காப்பொலவிலிருந்து ஒருவர் அதெல்லாம் தப்பு என்று எழுதுவார். தபால்காரர் படியேறும்போதே “மாஸ்டர் மஹத்தயா, தவ லியுமக்” என்று, இன்னும் ஒரு கடிதம் வந்திருப்பதைச் சொல்லிச் சலித்துக்கொள்வார். பிள்ளைக்காம்பராவில் பகலெல்லாம் குழந்தைகளைப் பார்த்துவிட்டு வந்து நான் நகல் எடுப்பேன். இவர் கையெழுத்து கோழி கிண்டியதுபோல இருக்கும். அச்சகத்துக்காரருக்கு என் எழுத்துதான் புரியும்.

இவரிடம் ஒரு சட்டம் இருந்தது. உயிரோடு இருப்பவர் பெயர் புத்தகத்தில் வரக்கூடாது. இருப்பவரைப் புகழ்ந்தால் காக்கா பிடித்தது ஆகும், குறை சொன்னால் சண்டை ஆகும் என்பார். பிறந்த வருஷம், செத்த வருஷம் இரண்டும் இருந்தால்தான் உள்ளே இடம். ஒரு சங்கத் தலைவர் வந்து தன் பெயர் ஏன் வரவில்லை என்று குதித்தபோது, “அவசரப்படாதீங்க, ஒங்களுக்கு எடம் வெச்சிருக்கேன்” என்று தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

அந்தச் சட்டம் என் தலையிலேயே விடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எனக்கு ஒரே அண்ணன், செல்லையா. தாய் தகப்பன் போன பிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். மாசி மாதக் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுவார். எரிந்துபோன காமனைத் திருப்பிக் கேட்டு அவர் அழும்போது துரை பங்களாச் சமையல்கார அப்புவே கண்ணைத் துடைத்துக்கொள்வார். தொண்ணூற்றிரண்டு கடைசியில், வவுனியாவுக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் வேலை என்று போனார். நாலு வருஷம் கடிதம் வந்தது. பிறகு சண்டை பெருத்தது, கடிதம் நின்றது.

அவர் மனைவி மூக்காயி அண்ணி பக்கத்துக் காம்பராவில் இருந்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். தினமும் விடியலில் அவள் ரப்பர் பால் வெட்டப் போகும்போது நெற்றியில் பெரிய பொட்டைப் பார்ப்பேன். அது இருக்கும்வரை அண்ணன் இருக்கிறார் என்று என் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பேன்.

முதல் பாகம் வந்தது. ‘க’ முடிந்து இரண்டாம் பாகமும் வந்தது. ‘ச’ தொடங்கியதும் ‘செ’க்கு இன்னும் எத்தனை எழுத்து என்று விரல் விட்டு எண்ணினேன். சா, சி, சீ என்று ஒவ்வொன்றாக எங்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஒருநாள் கனவில், இலை உதிர்ந்த ரப்பர் மலையில் அண்ணன் ரதியின் சேலையோடு வந்தார். கால் தரையில் படவில்லை. “எந்த எழுத்துல நிக்கிறீங்க?” என்று கேட்டார். ‘சு’ என்றேன். தலையாட்டிவிட்டு மரங்களுக்குள் போய்விட்டார்.

பிறகு ‘சூ’ வந்தது. வந்தது நகரவே இல்லை. சூடத்தைப் பற்றி மட்டும் பதினொரு பக்கம் எழுதினார். சூரன்போரைத் தோட்டம் தோட்டமாகப் பிரித்து எழுதினார். ஒரு வருஷத்துக்கு மேல் அதிலேயே சுற்றிச் சுற்றி வந்தார். மனுஷனுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டாயிரத்தொன்பதில் சண்டை முடிந்தது. அண்ணன் இனி எந்த பஸ்ஸிலும் வந்து இறங்கலாம் என்று நான் நம்பத் தொடங்கிய நேரம், அச்சகத்துக்காரர் மூன்றாம் பாகத்தைக் கேட்டு மூன்று கடிதம் போட்டுவிட்டார். ஐப்பசி மாதம் ஒரு சாயங்காலம் நானே கேட்டேன்.

“‘சூ’வ முடிங்க. ‘செ’யில எங்கண்ணன விட்டுட்டு மத்தத எழுதுங்க.”

“விட்டா அந்தாளு பேரு எங்கயுமே இருக்காது. பொறப்புப் பதிவு இல்ல, அடையாள அட்ட இல்ல. இந்தப் பொஸ்தகம் ஒண்ணுதான்.”

“அப்ப இருக்காருன்னு போடுங்க.”

“தெரியாதத எழுத மாட்டேன்.”

“செத்துட்டாருன்னு மட்டும் தெரியுமா?”

“தெரியல. நீ சொல்ற வரைக்கும் எழுதக் கூடாதுன்னுதான் ‘சூ’வுலயே நிக்கிறேன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்காக நின்றாராம். “அண்ணி பொட்டோட இருக்காங்க. நீங்க அச்சுல போட்டுட்டா அவங்க நெத்திக்கு என்னா பதில் சொல்லுவீங்க?” என்று கத்திவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மூக்காயி அண்ணி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். ரப்பர் பால் வாடை அடித்தது.

“அண்ணே, தொண்ணூத்தேழுன்னு போடுங்க. ஆவணி மாசம்” என்றாள்.

நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளே தொடர்ந்து சொன்னாள்.

“டவுன்ல கட வெச்சிருக்க ரஸாக் நானா வவுனியாவுக்கு வெங்காயம் ஏத்தப் போனாருல்ல. அங்க பண்ணையில இருந்து தப்பிச்சு வந்த ஒரு ஆளு சொல்லி விட்டிருக்காரு. மலேரியா காச்சலாம். அங்கயே பொதச்சிட்டாங்களாம். சட்டப்பையில இருந்த என் போட்டோவக் குடுத்தனுப்பியிருந்தாங்க.”

“ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?”

“நீ ஆஸ்பத்திரியில இருந்து வந்து கெடந்த. மூணாவது புள்ளையும் தங்கல. நான்தான் கஞ்சி ஊட்டுனேன். ஒவ்வொரு வாய்க்கும் என் நெத்தியப் பாத்துட்டுத்தான் வாயத் தொறந்த புள்ள. நான் எப்புடி அழிக்கிறது? நாளைக்கிச் சொல்லலாம், அடுத்த மாசம் சொல்லலாம்னு இருந்து பன்னெண்டு வருசம் ஓடிப்போச்சு.”

“அழவே இல்லியா நீங்க?”

“எங்க போய் அழறது? ஒரே செவுரு. ஒனக்குக் கேக்குமே.”

அவளுக்காக என்று அண்ணன் பெயரை அச்சுக்குப் போகவிடாமல் நான் தடுத்தேன். எனக்காக அவள் துக்கத்தை நிறுத்தி வைத்திருக்கிறாள். அவ்வளவு காலம் பக்கத்தில் இருந்தும் அவள் முகத்தை நான் ஒருநாளும் பார்க்கவில்லை, பொட்டைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்குத் தீரவில்லை.

இவர் எழுந்து போய்ப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தார். எல்லாம் எழுதி முடித்து, கடைசி வருஷத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். அந்த இடத்தில் நானே எழுதினேன்.

“படி புள்ள” என்றாள் அண்ணி. அவளுக்கு எழுத்துத் தெரியாது.

படித்தேன். “செல்லையா, தகப்பன் பெயர் பெரியண்ணன். பிறப்பு 1950, இறப்பு 1997. ரதி வேஷத்தில் பெயர் பெற்றவர். மனைவி மூக்காயி.”

தன் பெயரைக் கேட்டதும் அவள் தலையில் அடித்துக்கொண்டு வாய்விட்டு அழத் தொடங்கினாள். லயம் முழுக்கக் கேட்டது. வேலை முடிந்து வந்துகொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். யாருக்கு என்ன என்று ஒருத்தியும் கேட்கவில்லை. இழவு வீட்டில் உட்காருவதுபோல எங்களைச் சுற்றி உட்கார்ந்து தோளில் கை போட்டார்கள். நானும் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.