பதினோரு கூவல்

"அந்த வருஷத்துப் பதிவேட்டை எடுங்க, பெரியப்பா."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று, பெரியப்பாவின் படகுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். மூன்று மாதம் அவளும் வாய்க்குப் பூட்டுப் போட்டுத்தான் வைத்திருந்தாள்.

பைனாகுலர் துடைத்துக்கொண்டிருந்த பெரியப்பா கையை நிறுத்தினார். "வெளியில சான்றிதழ் புதுப்பிக்க ஆளுங்க வந்து உக்காந்திருக்காங்க. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"இப்பதான் வேணும்."

பெரியப்பாவும் அவள் அப்பாவும், அண்ணன் தம்பி இருவருமாக ஒற்றைப் படகை வைத்து ஆரம்பித்த கம்பெனி அது. ஏரித் தீவுப் பறவைகளைக் காட்டிக் கூட்டிவருவார்கள். மோட்டார் கிடையாது, துடுப்புதான். தீவுக்கு நூறடிக்கு இந்தப் பக்கமே படகு நின்றுவிட வேண்டும். கரை திரும்பியதும், கண்டதையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் அவரவர் கையால் பதிவேட்டில் எழுத வேண்டும். இந்த விதிகளை மீறாததற்குத்தான் சான்றிதழ்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், அடை காத்துக்கொண்டிருந்த செங்கானாங்கோழிகள், நாணல் புதரில் ஒளிந்து வாழும் அந்தக் கூச்சப் பறவைகள், கூட்டைப் போட்டுவிட்டுத் தீவையே காலி செய்தன. தம்பி படகைத் தீவுக் கரையோடு ஒட்டினான் என்று பழி வந்தது. பெயர்ப்பலகையில் அப்பா பேர் மேல் வெள்ளை பூசினார்கள். அன்றிலிருந்து அவர் கிடங்கில் மூட்டை தூக்குகிறார். தலைக்கு மேல் பறவை போனாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போன மகள், பறவைகளைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

கதவில் சாய்ந்திருந்த பெரியப்பா மகன் சிரித்தான். "பட்டம் வாங்கினதும் தங்கச்சிக்குக் கொம்பு முளைச்சிருச்சுப்பா."

"கொம்பு இல்லண்ணே, காது."

பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இடுப்புச் சாவியால் அலமாரியைத் திறந்து பதிவேட்டை மேசையில் போட்டார். "நல்லா பாத்துக்கோ. நம்ம பதிவேட்டுல ஒரு பொய் கிடையாது."

"அதை நம்பித்தான் வந்தேன்."

அவள் பக்கத்தைப் புரட்டி உரக்கப் படித்தாள். "மாலை ஐந்து. கோழி புதரை விட்டு வெளியே வந்தது. கூவல் பதினொன்று. இரண்டு கூவலுக்கு நடுவே நாலு எண்ணும் நேரம்." அடுத்த நாளும் பதினொன்று. அதற்கடுத்த நாளும் அதே பதினொன்று, அதே நாலு. "யார் கையெழுத்துண்ணே?"

"என்னுதுதான். கேட்டதை எழுதினேன்."

"அடை காக்கிற கோழி வாயே திறக்காது. மூணு நாளும் எண்ணி வச்ச மாதிரி கூவினது உன் போன். வந்தவங்க போட்டோ எடுக்கணும்னு கோழிக் கூவல் ரெக்கார்டைப் போட்டு விட்ட. வேற கோழி வந்துருச்சுன்னு அது சண்டைக்கு ஓடி வந்துச்சு. முட்டையைக் காக்கா தூக்கிட்டுப் போச்சு. திருட்டு வேலை செஞ்சும் உனக்குப் பொய் எழுதக் கை வரல பாரு. வளர்ப்பு அப்படி."

பெரியப்பா மகன் பக்கம் திரும்பக்கூட இல்லை. விஷயம் முன்பே தெரியாதவராக இருந்தால் திரும்பியிருப்பார்.

"தெரிஞ்சேதான் எங்கப்பாவைத் துரத்தினீங்க."

பெரியப்பா குரலை இறக்கினார். "சான்றிதழ் போச்சுன்னா படகு நின்னுடும்மா. நாம இல்லேன்னா நாளைக்கே எவனாவது மோட்டார் படகை விடுவான். அந்தத் தீவுக்குக் காவலே நாமதான்."

அது பொய்யில்லை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்ததால் இன்னும் எரிந்தது.

"காவல் காத்த லட்சணத்தைத்தான் ஆறு வருஷமா பாக்கறோமே. ஒரு கோழிகூடத் திரும்பி வரல."

"தம்பி பேரைப் பலகையில திரும்ப எழுதிடறேன். என் பேருக்கு மேலயே எழுதறேன்."

"கழட்டப் போற பலகையில எங்கப்பா பேர் எதுக்கு?"

"உன் அம்மாகிட்டயாவது ஒரு வார்த்தை கேளு..."

"டீ குடிச்சு முடிங்க, ஒரு பதிவேடு கொண்டு வர்றேன்னு வெளியில உக்காந்திருக்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்."

அண்ணன் வழியை மறித்தான். அவள் பார்த்த பார்வையில் தானாக விலகினான். பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் வராந்தாவுக்கு நடந்தாள். வந்திருந்தவர்களில் ஒருவர், மேசையில் இருந்த கோப்பையை ஓரமாக நகர்த்திப் பதிவேட்டுக்கு இடம் விட்டார்.