தூங்குகிற பள்ளிக்கூடம்

திரைச்சீலை தைக்கும் கடையில் அன்று அவளுக்குக் கை ஓடவில்லை. ஒரே மடிப்பைத் தைப்பதும் பிரிப்பதுமாகப் பொழுது போனது. மகளின் பழைய பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான். விடுமுறை முடிந்ததும் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும் என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் தையலை நிறுத்திவிடுவாள்.

மகளை வீட்டில் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். நடக்கும் சத்தமே கேட்காது. பிடித்தவர் மடியில் மட்டும் வந்து உட்காருவாள். பத்து வயதாகியும் பேச்சு நாலைந்து சொற்களைத் தாண்டவில்லை. மீதியையெல்லாம் ஒரு ராகமாக முனகுவாள். திடீர்ச் சத்தம் மட்டும் ஆகாது. பக்கத்து வீட்டில் சுவரில் துளை போட்டால்கூடக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்வாள்.

அம்மா கவலையை விழுங்குகிறவள். ரொட்டி வண்டி ஓட்டும் கணவனோ பேசியே தீர்க்கிறவன்.

"அத்தனை பிள்ளைங்க படிக்கிற இடம். கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி ஆயிடாதா?"

"காலையிலயே ஆரம்பிக்காதீங்க."

"உன் தம்பி சொல்றான், இன்னும் ஒரு வருஷம் வீட்டிலேயே வெச்சுக்கலாமாம்."

"சொல்றவனுக்கு என்ன? ஒரே ஒரு வாரம் அவனை வந்து வெச்சுக்கச் சொல்லுங்க, பார்ப்போம்!"

அந்த வாரமே புதிய பள்ளியிலிருந்து போன் வந்தது. பூனை மாதிரிப் பிள்ளைகளுக்கென்று அங்கே இருக்கும் டீச்சர்தான் பேசினார். "பள்ளிக்கூடம் இப்ப தூங்குதும்மா. உங்க பொண்ணு முதல்ல அதைத் தூங்கும்போதே பார்த்துக்கட்டும். மூணு பேரும் வாங்க."

மறுநாள் மதியம் போனார்கள். டீச்சருக்குக் கட்டை முடி, சட்டைக் கையில் காய்ந்த பச்சைப் பெயிண்ட். வாசலிலேயே நின்றிருந்தார். பூனையைத் தொடவில்லை, பெயர் கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

நீண்ட நடைவழி தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் மங்கிக் கிடந்தது. மேசைகளின் மேல் நாற்காலிகள் கால்களைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்தன. பூனை செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தரையில் நடந்தாள். ஒவ்வொரு கதவிலும் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். பெரிய கூடத்துக்கு வந்ததும், உயரத்து ஜன்னலிலிருந்து வெயில் விழுந்த இடத்தில் மல்லாந்து படுத்து முனக ஆரம்பித்தாள். கூடம் அந்த முனகலை வாங்கி, பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது. அவள் நிறுத்தினாள், கேட்டாள், மறுபடி பாடினாள். என்னவோ தோன்ற, அம்மாவும் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். தூசு பொன்னாய் மிதந்தது. எத்தனை நேரம் அப்படிக் கிடந்தார்கள் என்று அவளுக்கே தெரியாது.

எழுந்தபோதுதான் அம்மா வாய் திறந்தாள். "எனக்கு மணிச் சத்தம்தான் பயம் டீச்சர். அது அடிச்சா இவ ஓடிடுவா. எங்கே போவான்னே தெரியாது."

"ஓடுறதுக்கு முன்னாடி ஏதாவது செய்வாளா?"

"காது மடலைக் கட்டைவிரலால அழுத்துவா."

டீச்சர் தன் காதை அழுத்திப் பார்த்துக்கொண்டார். "அதைப் பார்த்தா நான் பக்கத்துல வந்துடுவேன். சரி, மணியை அவளையே அடிக்கச் சொல்வோமா?"

"ஐயோ, வேண்டாம்!" என்றான் கணவன்.

ஆபீஸ் சுவரில் சிவப்புப் பொத்தான் இருந்தது. டீச்சர் ஒரு தடவை பொத்தானையும், பிறகு தன் காதையும் காட்டினார். பூனை வெகுநேரம் பார்த்தாள். அப்பாவின் இரண்டு கைகளையும் இழுத்துத் தன் காதுகளின் மேல் வைத்துக்கொண்டாள். பிறகு விரலை நீட்டினாள்.

பள்ளிக்கூடமே அலறியது. அவள் துள்ளி, அப்பாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்தாள். அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. ஆனால் ஒரு நொடிதான். விரல் தானாக நீண்டது. மறுபடி அலறல். அப்புறம் பொத்தானைவிட்டு அவளைப் பிரிக்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

"போதும்டி, தெருவே கூடிடும்!" என்று அப்பன் கெஞ்சினான். கெஞ்சியவன் கண்ணில் தண்ணீர்.

பள்ளி திறந்த அன்று இருவரும் லீவு போட்டுவிட்டு வாசலுக்கு எதிரே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போனவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது.

மாலையில் டீச்சர் மறைக்காமல் சொன்னார். "சாப்பாட்டு நேரத்துல கூட்டம் தாங்கல. அழுதா. மேசைக்கு அடியில போய்ட்டா. நானும் கீழேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். கொஞ்ச நேரத்துல இன்னொரு பொண்ணும் தட்டோட உள்ளே வந்துட்டா. யாரும் கூப்பிடல."

"நாளைக்கும் அழுவாளா?"

"அழலாம். நான் இருப்பேன்ல."

வண்டி கிளம்பியதுமே பூனை அம்மாவின் தோளில் தூங்கிப்போனாள். வீட்டு வாசல் வந்தது. கணவன் நிறுத்தவில்லை.

"நின்னா முழிச்சுக்குவா" என்றான் மெல்ல.

தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. வண்டி இன்னொரு சுற்றுப் போனது.